கதவைத் தட்டியவனுக்கும் டி.சி.யா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஆண்கள் விடுதியின் துணை வார்டன் பொறுப்பும் என்னிடம்தான், வளாகத்திலேயே குடியிருக்கிறேன். நானூறு மாணவர்கள். இரவு ஒன்பது மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவோம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பிறந்தநாள் என்று நான்கு மாணவர்கள் வெளியே குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அறைக்கு வந்ததும் சுருண்டு விழுந்துவிட்டான். மற்ற மூவரும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் ஊற்றியும் மோர் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அதிகாலை மூன்றரை மணிக்கு அவர்களில் ஒருவன் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினான். 108-ஐ அழைத்தோம். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்துக்கொண்டான். இப்போது நான்கு பேருக்கும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறது நிர்வாகம். விடுதி வாசலில் மூச்சுச் சோதனைக் கருவி வைக்கவும் முடிவாகியிருக்கிறது. புதிய விதிமுறையை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எப்படி எழுதுவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். நானும் எப்போதாவது நண்பர்களுடன் குடிப்பவன்தான். இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று உறுத்துகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் மூன்றரை மணி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஒன்பது மணிக்குப் பூட்டும் விடுதியில் அவன் விழுந்தது எப்படியும் ஒன்பதரைக்குள் இருக்கும். அதிலிருந்து ஆறு மணி நேரம் மூன்று பையன்கள் தாழிட்ட அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வீடோ அதே வளாகத்தில். "இவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்று ஒருவன் சொல்லியிருப்பான். "வார்டனிடம் போனால் எல்லோருக்கும் டி.சி.தான்" என்று இன்னொருவன் சொல்லியிருப்பான். ஆறு மணி நேரம் இந்த இரண்டாவது பேச்சுதான் எடுபட்டிருக்கிறது. கடைசியில் ஒருவன் துணிந்து எழுந்து வந்தான். அவனுக்கும் டி.சி. என்று பலகையில் ஒட்டினீர்கள் என்றால், மெஸ்ஸில் சாம்பார் வாளி இரண்டாவது சுற்று வருவதற்குள் நானூறு பேருக்கும் விஷயம் விளங்கிவிடும்: அவன் தட்டாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டியவனுக்கு எந்தத் தண்டனையும் கூடாது. மருத்துவமனையில் கிடந்தவனுக்கு டி.சி. கூடாது. மற்ற இருவரைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இதை நான் வேடிக்கை பார்த்தவனாகச் சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில் நான் படித்த மருத்துவக் கல்லூரி விடுதியிலும் இதே காட்சி நடந்தது. தேர்வு முடிந்த இரவு. எதிர் அறையில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். தொண்டையில் கரகரவென்று சத்தம். சுற்றி நின்ற ஏழு பேரும் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள். மயங்கியவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தவன் நான். இன்னொருவன் எவர்சில்வர் டம்ளரில் புளித்த மோரை எடுத்து அவன் வாயில் சரித்துக்கொண்டிருந்தான். இரவுப் பணி முடிந்து வந்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் டம்ளரைத் தட்டிவிட்டார். அது சிமென்ட் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. பையனை ஒருக்களித்துப் புரட்டி, வாயை வழித்துச் சுத்தம் செய்து, நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குள் மோர் நுரையீரலில் இறங்கியிருந்தது. நிமோனியாவோடு மூன்று வாரம் கிடந்தான். ஆஸ்பத்திரி சாலைக்கு அந்தப் பக்கம்தான். அதுவரை நாங்கள் அங்கே போகாததற்கு ஒரே காரணம், அங்கே பணிபுரிந்த பேராசிரியர் ஒருவர்தான் எங்கள் வார்டன்.

எங்களுக்கு அறிவு இருந்தது, பயம் அதை மூடிவிட்டது. உங்கள் பையன்களுக்கு அந்த அறிவும் இல்லை. எனவே விதிமுறைக்கு முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடிந்தால் இதை அச்சிட்டு ஒவ்வொரு தளத்திலும் ஒட்டுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கழிக்கும். இரவு ஒன்பது மணிக்கு உள்ளே போன ஒரு குவார்ட்டர் முழுவதும் வெளியேற விடியற்காலை ஆகிவிடும். மோர், எலுமிச்சைச் சாறு, கருப்புக் காபி எதுவும் அந்தக் கணக்கில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காது. தலையில் ஊற்றும் தண்ணீர் கெடுதலும் செய்யும். ஆல்கஹால் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உடல் சூட்டை ஏற்கெனவே இறக்கிக்கொண்டிருக்கிறது. 55 கிலோ எடையுள்ள ஒரு பையன் 375 மில்லி பாட்டிலை ஒரு மணி நேரத்தில் குடித்துவிட்டால், அவன் இரத்தத்தில் 100 மில்லிக்கு 300 மில்லிகிராமை ஆல்கஹால் தாண்டிவிடக்கூடும். வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. பழக்கமில்லாத உடம்பில் அந்த அளவு ஏறும்போது இருமலும் ஓங்கரிப்பும் அடங்கிப்போகும். வாந்தி வந்தால் துப்ப முடியாது, புரையேறினால் இரும முடியாது. மூச்சும் குறைந்துகொண்டே போகும்.

"தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்பதுதான் அந்த அறையில் சொல்லப்பட்ட மிக ஆபத்தான வாக்கியம். கடைசி மடக்கு இறங்கிய பிறகும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டேதான் இருக்கும். படிக்கட்டில் தானே ஏறி வந்தவன், படுத்த பிறகு மூழ்கிப்போவது இதனால்தான். பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டும் கிள்ளியும் கண் திறக்கவில்லை என்றால் 108. நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே பத்து வினாடி இடைவெளி விழுந்தாலோ 108. உதடு நீலம் பூத்தால், உடம்பு சில்லிட்டால், வலிப்பு வந்தால், விழிக்காமலே வாந்தி எடுத்தால் 108. இவற்றில் ஒன்று போதும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, வாய் தரையை நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். குடித்த பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். மறுநாள் யாராவது பார்வை மங்குகிறது என்றால் அது மெத்தனாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இனி மூச்சுச் சோதனைக் கருவி. நிர்வாகங்களுக்கு இந்தக் கருவி மீது ஒரு காதல் உண்டு. வாங்கியதற்கு ரசீது இருக்கிறது, சுவரில் மாட்டலாம், பெற்றோர் கூட்டத்தில் காட்டலாம். ஆனால் பையன்கள் ஏன் அப்படிக் குடித்தார்கள் என்று யோசியுங்கள். டாஸ்மாக் கடை நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறது. வகுப்பும் ஆய்வகமும் முடிந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர ஏழு மணி. ஒன்பதுக்கு வாசல். நடுவில் இருக்கும் நேரத்தில், வெறும் வயிற்றில், கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டு ஓடிவருகிறார்கள். வாசலில் நேராக நிற்கிறார்கள். அரை மணி கழித்து அறையில் விழுகிறார்கள். நான் பார்த்த விடுதி மாணவர்களில் பலர் இந்தக் கதையை ஏறக்குறைய இதே வரிசையில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வாசலில் கருவியையும் வைத்தால் என்ன ஆகும்? குடித்தவன் வாசலுக்கே வரமாட்டான். பஸ் நிலையத்தில் படுப்பான், அல்லது நண்பனின் பைக்கில் மூன்று பேராக நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டிருப்பான். இல்லாவிட்டால் பாட்டில் மதில் ஏறி உள்ளே வந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் திறக்கப்படும். வாய் கொப்பளிக்கும் மருந்தில்கூட ஆல்கஹால் இருக்கிறது. பதினைந்து நிமிடம் காத்திருந்து ஊதச் சொல்லாவிட்டால் குடிக்காதவனையும் கருவி காட்டிக்கொடுக்கும். காவலாளிக்கு அந்தப் பொறுமை இருக்குமா? கருவியை வாங்கித்தான் தீருவோம் என்றால், அது காட்டும் எண் ஒருவனை உடனே மருத்துவரிடம் அனுப்புவதற்குப் பயன்படட்டும். அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே விசாரணை நடத்த வேண்டாம்.

"அப்படியானால் குடிக்கலாம் என்று அனுமதிக்கச் சொல்கிறாரா டாக்டர்?" என்று உங்கள் செயலாளர் கேட்பார். இல்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கவே கூடாது. உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். வளாகத்தில் மது கூடாது என்ற விதியில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். பக்கத்துக் கடையில் வயது கேட்காமல் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்கிறார்கள் என்றால் மாவட்ட ஆட்சியருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் கல்லூரியின் முத்திரையோடு எழுதுங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் கடை இருக்கக் கூடாது என்பதும் விதி. பையன்களிடம் காட்டும் கண்டிப்பில் கால் பங்கைக் கல்லூரிகள் அந்தக் கடைகளிடம் காட்டி நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவிலும் குடிக்கும் வயது 21தான். அங்கே கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. மயங்கிய நண்பனுக்காக மருத்துவ உதவியை அழைப்பவர் மீதும், உதவி பெற்றவர் மீதும் குடித்த குற்றத்துக்காக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. பதிலாக ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். அதன் பிறகு உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. இப்போது அந்த நாட்டில் பல கல்லூரிகளில் இது வழக்கம். பல மாநிலங்களில் சட்டமே உண்டு. இப்படி ஒரு விதி எழுதிவைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் அங்கிருந்தே சொல்லலாம். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், மாணவர் சங்கம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவனுக்கு அளவில்லாமல் மது புகட்டினார்கள். அவன் மாடிப்படியில் விழுந்தான். சுற்றி அத்தனை பேர் இருந்தும் ஆம்புலன்ஸை அழைக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு நாளில் இறந்துபோனான்.

உங்கள் விதிமுறையில் சேர்க்க நான் எழுதித் தரும் பத்தி இது, மொழியை நீங்கள் திருத்திக்கொள்ளலாம்: "மது அருந்தி நினைவிழந்த அல்லது உடல்நலம் குன்றிய மாணவருக்காக விடுதி அலுவலரையோ 108-ஐயோ அழைக்கும் மாணவர் மீதும், அவ்வாறு உதவி பெறும் மாணவர் மீதும், அன்று மது அருந்தியதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படாது. அவர்கள் ஏழு நாட்களுக்குள் கல்லூரி ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். நினைவிழந்தவரை மறைத்து வைப்பதும் தனியே விட்டுச் செல்வதும் கடும் குற்றமாகக் கருதப்படும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தட்டாமல் இருப்பதற்குத்தான் இனிமேல் பயப்பட வேண்டும். விதி வந்ததும் அதைக் கல்லூரி முதல்வர் தம் வாயால் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் போட்டுவைத்தால் இரவு பத்து மணிக்கு யாருக்கும் அது நினைவுக்கு வராது.

இந்தச் சலுகை குடித்ததற்கு மட்டும்தான். அடிதடிக்கு இல்லை, பாட்டிலை உள்ளே கொண்டுவந்து விற்றவனுக்கு இல்லை, வற்புறுத்திக் குடிக்கவைத்தவனுக்கு நிச்சயமாக இல்லை. உங்கள் மாணவன் இரண்டாம் ஆண்டு. மற்ற மூவர் எந்த ஆண்டு என்று நீங்கள் எழுதவில்லை. மூத்தவர்கள் என்றால், அவன் தானாகக் குடித்தானா, "குடிடா" என்று ஊற்றினார்களா என்பதை விசாரியுங்கள். ஒரு மாணவன் சாதாரணமாகத் தானே விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யவைப்பதும் ராகிங்தான் என்கிறது 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டுவரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. அப்படி நடந்திருந்தால் உங்கள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு வேறு கோப்பைத் திறக்க வேண்டும். இல்லையென்றால், தட்டாமல் உட்கார்ந்திருந்த இருவருக்கும் ஒரு மாத விடுதி நீக்கமோ, அந்த ஒரு மாதமும் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வரும் பொறுப்போ போதும். அப்போது எழுதப்படாத ஒரு விதியை அவர்கள் மீறியதாகச் சொல்லி டி.சி. கொடுப்பது நியாயமாகாது.

ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்றேன். அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரிகள் என்னிடம் அனுப்பும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு கடிதத்தோடு வருவார்கள்: "இவர் மதுப்பழக்கம் உள்ளவர் அல்ல என்று சான்றிதழ் வழங்கவும்." அரை மணி பார்த்துவிட்டு அப்படி ஒரு சான்று நான் யாருக்கும் தர முடியாது, எனக்கே தந்துகொள்ள முடியாது! கேட்க வேண்டியது வேறு. "குடிப்பாயா?" என்றால் "இல்லை சார்" என்றுதான் வரும். "கடைசியாகக் குடித்தது எந்தக் கிழமை? எங்கே? யாரோடு? எவ்வளவு? அதற்கு முந்தைய தடவை?" என்று கேட்டால் பையன் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகள் இருக்கின்றன. மொத்தம் 40 மதிப்பெண். எட்டோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஒருமுறை குடித்து மாட்டிக்கொண்டவனுக்கு அரை மணிப் பேச்சு போதும். சனிக்கிழமை தவறாமல் குடிப்பவனிடம் நான்கைந்து முறை பேச வேண்டும். காலையில் கை நடுங்குகிறது, தனியாகக் குடிக்கிறேன் என்பவன் மருத்துவரிடம் வர வேண்டும்; அவனுக்குத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

பெற்றோரை அழைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. மருத்துவமனையில் சேர்த்தால் சொல்லித்தான் ஆக வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் "உன் அப்பாவை வரச்சொல்" என்பதையே தண்டனையாக வைக்காதீர்கள். சில வீடுகளில் அந்த அப்பாவே மாலை ஆனால் நிதானத்தில் இருக்கமாட்டார். அதைப் பையன் உங்களிடம் சொல்லவும் மாட்டான். முதல் முறையாகக் கல்லூரிக்கு வந்த குடும்பம், கடன் வாங்கிக் கட்டிய கட்டணம், இதற்கு மேல் டி.சி. இப்படி மாட்டிக்கொண்ட இரவில் ஒரு பையனைத் தனியாக அறையில் விடுவதும், தனியாகப் பஸ் ஏற்றி அனுப்புவதும் எவ்வளவு ஆபத்து என்பதை என் துறையான மனநல மருத்துவத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். போதை இறங்கும் நேரமும் அவமானமும் சேர்ந்தால் தற்கொலை எண்ணம் சட்டென்று எழும். எந்த முடிவையும் பகலில் சொல்லுங்கள், ஒருவரைத் துணைக்கு வைத்துச் சொல்லுங்கள். இரவில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104-உம் இருக்கிறது. குடியை நிறுத்த உதவி கேட்பவர்களுக்கு 14446.

கடைசியாக உங்கள் உறுத்தல். நீங்கள் 21 தாண்டியவர், உங்கள் செலவில், எப்போதாவது நண்பர்களுடன் குடிக்கிறீர்கள். அதனால் விதி எழுதும் தகுதி போய்விடாது. குடிப்பதே இல்லை என்பவரைவிட, ஒரு குவார்ட்டர் என்ன செய்யும் என்று அறிந்தவர் இதை எழுதுவது நல்லது என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஆண்டுவிழா முடிந்த இரவு ஆசிரியர்கள் விருந்தினர் மாளிகையில் கூடுவது உங்கள் கல்லூரியிலும் உண்டு என்றால், அதை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். மறுநாள் காலை அங்கே பெருக்க வருபவர் எத்தனை பாட்டில் எடுத்தார் என்பது மெஸ்ஸுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?

குழு கூடுவதற்கு முன்னால், தட்டிய மாணவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். தட்டலாம் என்று முதலில் எத்தனை மணிக்குத் தோன்றியது, அப்போது என்ன தடுத்தது, யார் என்ன சொன்னார்கள், பிறகு எது எழுப்பி அனுப்பியது என்று கேளுங்கள். அவன் சொல்வதைப் பெயரில்லாமல் அப்படியே ஒரு தாளில் எழுதிக் குழுவின் மேசையில் வையுங்கள்.